காசுக்கு வெயில், காசுக்கு வெள்ளை

போன பொங்கலுக்கு என் சின்னம்மா மகன் லிவர்பூல்ல இருந்து வந்திருந்தான். கம்ப்யூட்டர் வேலை. அங்கே போய் எட்டு வருஷம் ஆச்சு. கம்பு அறுத்துக் களத்தில் காயப்போட்டிருந்த நேரம். மத்தியானம் நான் கம்பைக் கிண்டி விட்டுக்கொண்டிருந்தேன், அவன் வேப்பமர நிழலில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். "அண்ணே, நீ சும்மா வாங்குற இந்த வெயில, எங்க ஊர்ல நிமிஷக் கணக்குல காசு குடுத்து வாங்குறாய்ங்க" என்றான்.

கேலி பண்ணுகிறான் என்றுதான் நினைத்தேன். போனை எடுத்துப் படம் காட்டினான். சவப்பெட்டி மாதிரி ஒரு பெட்டி. கீழேயும் மேலேயும் வரிசையாகக் குழல் விளக்கு. அதற்குள் ஒரு பொண்ணு கண்ணுக்குச் சின்னக் கண்ணாடி மாட்டிக்கொண்டு மல்லாந்து படுத்திருக்கிறது. அவன் ஆபீசில் வேலை பார்க்கிற பொண்ணுகளில் சிலர் வாரத்துக்கு ரெண்டு தடவை போய் இப்படிப் படுத்துவிட்டு வருவார்களாம். எதுக்குன்னா, கறுக்கிறதுக்கு. நம்ம மாநிறம் வருகிறதுக்கு.

களத்தில் இருந்த பொம்பளைகள் எல்லாம் வந்து எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். "நாங்க வேணா அங்க வந்து களையெடுக்கோம், அவுகள இங்க அனுப்பு தம்பி" என்று ஒரு அக்கா சொன்னார். அவர் சேலைக்கு மேலே வீட்டுக்காரருடைய முழுக்கைச் சட்டையைப் போட்டு, தலையில் துண்டைச் சுற்றி, கண்ணு மட்டும் தெரிகிற மாதிரி இருந்தார். எங்க பக்கம் காட்டு வேலைக்குப் போகிற பொம்பளைகளுக்கு இதுதான் உடுப்பு. வெயிலுக்கு ஆச்சு, பருத்திச் செடி கிழிக்காமல் இருக்கவும் ஆச்சு. இளவட்டப் பொண்ணுகளைக் கேட்டால் மூன்றாவது காரணம் ஒன்று சொல்லும். அதைப் பற்றித்தான் இன்றைக்கு எழுதப் போகிறேன்.

முதலில் அந்தப் பெட்டியைப் பற்றி முடித்துவிடுகிறேன். உங்களில் சிலர் வெளிநாட்டில் இருக்கிறீர்கள், சிலர் பிள்ளைகளைப் படிக்க அனுப்பியிருக்கிறீர்கள். கூடப் படிக்கிறவர்கள் போகிறார்களே என்று இதுகளும் ஒரு நாள் போய்ப் பார்க்கலாம். அந்தக் குழல் விளக்கில் இருந்து வருவது புற ஊதாக் கதிர். வெயிலில் இருக்கிறது எதுவோ அதுவேதான், ஆனால் அளவு வேற. சில பெரிய பெட்டிகளில் அந்தக் கதிரில் ஒரு வகை, உச்சி வெயிலில் இருப்பதைப்போல 10 முதல் 15 மடங்குவரை வரும் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2009-ல் இந்தப் பெட்டியைப் புற்றுநோய் உண்டாக்குகிறவற்றின் முதல் வகுப்பில் சேர்த்தது. பீடி, சிகரெட் இருக்கிற அதே வகுப்பு. 30 வயசுக்கு முன்னாடி இந்தப் பழக்கத்தை ஆரம்பிக்கிறவர்களுக்கு மெலனோமா என்கிற பொல்லாத தோல் புற்று வருகிற ஆபத்து 75 சதவீதம் கூடுகிறது என்றும் அப்போது சொன்னார்கள். அதே வருஷம் பிரேசில் இதைத் தடை செய்தது. வெயிலுக்குப் பஞ்சமே இல்லாத ஆஸ்திரேலியாவில் ஒவ்வொரு மாநிலமாக இந்தக் கடைகளை மூடிவிட்டார்கள். இங்கிலாந்தில் 18 வயசுக்குக் கீழே இருக்கிறவர்களை உள்ளே விடக் கூடாது என்று 2010-ல் சட்டம் போட்டார்கள்.

தம்பி இன்னொன்றும் சொன்னான். ஸ்பெயின், துருக்கி என்று கடற்கரைக்கு விடுமுறை போகிறதுக்கு முன்னாடி, கொஞ்சம் கறுத்துவிட்டுப் போனால் அங்கே வெயிலில் தோல் வேகாது என்று நினைத்துப் பெட்டியில் போய்ப் படுக்கிறார்களாம். அப்படி வருகிற கறுப்பு பெரிசாக ஒன்றும் காக்காது. கடையில் விற்கிற வெயில் களிம்பில் ஆகக் குறைந்த நம்பர் எதுவோ, அந்த அளவுக்குக்கூட அது வராது. அடிபட்ட பிறகுதான் அந்தக் கறுப்பே வருகிறது. தோலின் உள்ளே இருக்கிற உயிரணு கதிர் பட்டுச் சேதமானதும், இனி படாமல் இருக்கட்டும் என்று உடம்பு மேலே இழுத்துப் போர்த்துகிற போர்வை அது. மண்வெட்டி பிடித்துக் காய்ப்பு காய்த்த கையை அழகு என்று சொல்கிற மாதிரி.

பெட்டி வேண்டாம் என்கிறவர்களுக்கு மேலே பூசுகிற சாயமும் இருக்கிறது. அதில் இருப்பது சர்க்கரை வகையில் சேர்ந்த ஒரு சரக்கு. செத்த மேல் தோலோடு சேர்ந்து பழுப்பாகும். ஒரு வாரத்தில் தோல் உதிர உதிர அதுவும் போய்விடும். பெட்டியோடு ஒப்பிட்டால் இதில் ஆபத்து குறைவு. ஆனால் பூசியிருக்கிறோமே என்று வெயிலில் நிற்கக் கூடாது, அது வெயிலைத் தடுக்காது. மெஷினில் பீய்ச்சுகிற இடமாக இருந்தால் கண்ணையும் வாயையும் மூக்கையும் மூடிக்கொள்ள வேண்டும், உள்ளே போகக் கூடாது. மாத்திரை, மூக்கில் அடிக்கிற மருந்து, ஊசி என்று இன்டர்நெட்டில் விற்பதை மட்டும் தொடவே வேண்டாம். அந்த மாத்திரையில் ஒன்று கண்ணுக்குள் போய்ப் படிகிற சாதி.

பூசுகிற சாயம் நம்ம ஊரிலும் இருக்கிறது, தெரியுமா? ஆணழகன் போட்டிக்குப் போகிற பையன்கள் மேடை ஏறுகிறதுக்கு முன்னாடி உடம்பு பூரா 'டேன்' அடிக்கிறார்கள். மேடை விளக்கில் சதைக்கட்டு எடுப்பாகத் தெரிய வேண்டுமாம். எங்கள் தெருப் பையன் ஒருத்தன் மதுரைக்குப் போட்டிக்குப் போய்விட்டு, தேன் பூசின மாதிரி மினுமினு என்று வந்து இறங்கினான். அவன் ஏற்கெனவே நல்ல கறுப்பு. அவன் அம்மா, "உனக்கு எதுக்குடா இந்தச் செலவு, நாலு நாள் ஆட்டுக்குப் பின்னால போயிருந்தா சும்மாவே வந்திருக்குமே" என்று திட்டினார்.

சிரிப்பு இத்தோடு போதும்.

களத்தில் தம்பி படம் காட்டும்போது எல்லாரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். ராத்திரி படுத்த பிறகு சிரிப்பு வரவில்லை. வெள்ளைத் தோலோடு பிறந்த பொண்ணு கறுப்பாக வேண்டும் என்று பெட்டிக்குள் படுப்பதைக் கேலி பண்ணின இதே நான்தான், கறுப்பாகப் பிறந்த என் மகளை வெளுப்பாக்க வேண்டும் என்று அருப்புக்கோட்டையில் மருந்துக்கடை வாசலில் வரிசையில் நின்று காசு கொடுத்தவன்.

2019 ஆவணி. மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தோம். முதலில் வந்த வீட்டார் காபி குடித்தார்கள், பொண்ணைப் பார்த்தார்கள், படிப்பைக் கேட்டார்கள். போய் ரெண்டு நாள் கழித்துத் தரகர் வந்து, "எல்லாம் புடிச்சிருக்காம், நெறம்தான் கொஞ்சம் மட்டுன்னு சொல்றாக" என்றார். மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்த்துச் சொல்கிற மாதிரி இருந்தது. மகள் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தது எனக்குத் தெரியும். சொன்னவர்களை விட்டுவிட்டு, சொல்லப்பட்டவளைச் சரிபண்ணக் கிளம்பினோம்.

அந்த வாரம் சென்னையில் இருந்து சொந்தக்காரர்கள் ஒரு காதுகுத்துக்கு வந்திருந்தார்கள். அதில் ஒரு அம்மா, நல்ல மனசுதான், எங்கள் மேல் பாசம் உள்ளவர், "ஒரு க்ரீம் இருக்கு, எங்க ஃப்ளாட்ல எல்லாரும் போடுறாங்க, ஒரு மாசத்துல ரெண்டு ஷேடு ஏறிடும்" என்று பேரை எழுதிக் கொடுத்தார். ஷேடு என்றால் என்ன என்று அப்போது எனக்குத் தெரியாது. பெயிண்டு கடையில் கேட்டிருக்கிறேன்.

சீட்டை நீட்டினேன். கடைக்காரர் டாக்டர் சீட்டு கேட்கவில்லை, நானும் அப்படி ஒன்று வேண்டும் என்று நினைக்கவில்லை. "நல்லா கேக்கும்ணே, ராத்திரி மட்டும் போடச் சொல்லுங்க" என்றார். சின்ன டியூபு. பின்னால் சிவப்புக் கோடு ஒன்று இருந்தது. விளம்பரத்துக்குப் போட்டிருக்கிறார்கள் போல என்று நினைத்தேன். உரக்கடையில் பூச்சிமருந்து டப்பாவில் முக்கோணம் சிவப்பா மஞ்சளா நீலமா என்று பார்த்து வாங்குகிற சம்சாரி நான். மகள் முகத்துக்குப் போடுகிறதில் கோடு எதுக்கு என்று கேட்கவில்லை.

சும்மா சொல்லக் கூடாது, கேட்டது. நாலாவது வாரம் முகம் பளிச்சென்று ஆகிவிட்டது. பருவும் தழும்பும் எல்லாம் ஓடிப்போச்சு. வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். என் வீட்டுக்காரியும் ரெண்டு நாள் பூசிப் பார்த்தாள். அப்புறம் இன்னொரு டியூபு, இன்னொன்று. ஐப்பசியில் வேறொரு இடம் அமைந்தது, தை மாசத்துக்குக் கல்யாணம் பேசினோம். கார்த்திகை பிறந்ததும் மகள், "அப்பா, அடுப்புக்கிட்ட போனாலே மொகம் எரியுது" என்றாள். கன்னத்தில் சிவப்புச் சிவப்பாக நரம்பு ஓடுவது தெரிந்தது. தாடைப் பக்கம் பூனைமுடி கறுத்து வளர ஆரம்பித்தது. க்ரீமை நிறுத்தினால் மூணாம் நாள் முகம் வீங்கிச் சிவந்து பொரிப்பொரியாகக் கிளம்பும், எரிச்சல் தாங்காமல் திரும்பப் பூசுவாள், அடங்கும். குடிகாரனுக்குக் காலையில் கை நடுங்குகிறதே, ஒரு கிளாஸ் போனால் நிற்கிறதே, அதே கதைதான். கல்யாணத்தன்றைக்கு மேக்கப் போட்டு மறைத்தோம். போட்டோவில் சிரித்துக்கொண்டிருக்கிறாள். அன்றைக்கு அவளுக்கு முகத்தில் என்ன எரிச்சல் என்று எனக்கும் அவள் அம்மாவுக்கும்தான் தெரியும்.

மாசியில் மதுரைக்குக் கூட்டிப்போய்த் தோல் டாக்டரிடம் காட்டினோம். அந்த அம்மா முகத்தைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "என்ன டியூப் போட்டீங்க?" நான் பையில் இருந்து எடுத்துக் கொடுத்தேன். "இதுல ஸ்டீராய்டு இருக்குங்க. இது மருந்து. நான் எழுதிக் கொடுத்தாக்கூட சில வாரத்துக்குத்தான் கொடுப்பேன். எத்தனை மாசம் போட்டீங்க?" என்றார். நாலு மாசத்துக்கு மேல் என்று சொன்னோம். அவர் திட்டவில்லை. வாரத்துக்குப் பாதிப் பேர் இப்படித்தான் வர்றாங்க என்று மட்டும் சொன்னார்.

அவர் விளக்கிச் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். இந்த மாதிரி டியூபில் மூன்று சரக்கு சேர்த்திருக்கும். ஒன்று ஹைட்ரோகுவினோன், தோல் கறுப்புச் சத்தை உண்டாக்குவதைத் தடுக்கிறது. ரெண்டாவது ட்ரெட்டினாயின், மேல் தோலைச் சீக்கிரம் உரிக்கிறது. மூன்றாவது ஸ்டீராய்டு, எரிச்சலை அமுக்குகிறது, ரத்தக் குழாயைச் சுருக்கித் தோலை வெளுப்பாகக் காட்டுகிறது. மங்கு போன்ற நோய்க்கு டாக்டர் கண் பார்வையில் கொஞ்ச நாள் போடுகிறதுக்கு இது நல்ல மருந்து. மாசக்கணக்கில் போட்டால் தோல் வெங்காயச் சருகு மாதிரி மெலிந்து போகும். பரு வரும், முடி வளரும், நரம்பு தெரியும். நிறுத்தினால் முகம் பழிவாங்கும்.

இந்த வகை ஸ்டீராய்டு களிம்புகளில் 14-ஐ டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று மத்திய சுகாதார அமைச்சகம் 2018 மார்ச்சிலேயே உத்தரவு போட்டிருக்கிறது. தோல் டாக்டர்கள் சங்கம் பல வருஷம் கத்திக் கத்தித்தான் அது வந்தது. நான் டியூபு வாங்கினது அதற்கு ஒரு வருஷம் கழித்து. உத்தரவு டெல்லியில் இருந்தது, டியூபு என் கையில் இருந்தது.

மகளுக்குச் சரியாக ஒரு வருஷத்துக்கு மேல் ஆச்சு. நடுவில் கொரோனா வந்து பஸ் எல்லாம் நின்றுபோக, டாக்டர் அம்மா போனில் பார்த்துச் சொன்னார். ஒரேயடியாக நிறுத்தாமல், வீரியம் குறைந்ததுக்கு மாற்றி, நாள்விட்டு நாள் ஆக்கி, அப்புறம் நிறுத்தினார். இன்றைக்கும் கன்னத்தில் ரெண்டு சிவப்பு நரம்பு இருக்கிறது. நிறம் பழையபடி அவள் பிறந்த நிறத்துக்கே வந்துவிட்டது. இதில் கூத்து என்னவென்றால், மாப்பிள்ளை வீட்டார் நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதே இல்லை. மட்டு என்று சொன்னது முதலில் வந்த வீடு. அவர்கள் போய்ச் சேர்ந்த பிறகும் அவர்கள் சொல் எங்கள் வீட்டில் நாலு மாசம் டியூபாக உட்கார்ந்திருந்தது.

எங்களுக்கு வந்தது தோலோடு போயிற்று. அதற்கு மேலேயும் இருக்கிறது. மலப்புரம் மாவட்டம் கோட்டக்கல்லில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் சிறுநீரக டாக்டர்கள், 2021 ஜூலையில் இருந்து 2023 செப்டம்பர் வரை ஒரு விதமான சிறுநீரக நோயோடு வந்த 22 பேரை ஆராய்ந்து பார்த்தார்கள். கால் வீங்கும், சிறுநீரில் நுரை போகும், உடம்பில் இருக்கிற புரதம் அதிலே ஒழுகும். இதில் 15 பேருக்கு அந்த நோயிலேயே அபூர்வமான ஒரு வகை. அந்த 15 பேரில் 13 பேர் வெளுப்பாக்குகிற க்ரீம் பூசினவர்கள். க்ரீமில் பாதரசம். பெரும்பாலானவர்களுக்குப் பூசுவதை நிறுத்தினதும் நோய் அடங்கியிருக்கிறது. இது சிறுநீரக மருத்துவப் பத்திரிகையிலேயே 2024-ல் வெளிவந்தது. கேரள அரசு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2023-ல் 'ஆபரேஷன் சௌந்தர்யா' என்று பேர் வைத்துக் கடை கடையாகச் சோதனை போட்டது.

பாதரசம் தோலில் கறுப்புச் சத்து ஊறுவதை நிறுத்தும், அதனால்தான் போடுகிறார்கள். அது தோல் வழியாக ரத்தத்தில் இறங்கிச் சிறுநீரகத்தில் போய்ச் சேரும். அது ஆவியாகவும் கிளம்பும், தலையணையிலும் துண்டிலும் ஒட்டும், பூசாத பிள்ளைக்கும் போகும். நம்ம நாட்டு 2020 அழகுசாதன விதிப்படி, முகத்துக்குப் போடுகிற க்ரீமில் தற்செயலாகக் கலந்திருந்தால்கூட பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் பாதரசம் இருக்கக் கூடாது. தயாரித்தவன் விலாசம் இல்லாத டப்பா, என்னென்ன கலந்திருக்கிறது என்ற பட்டியல் இல்லாத டப்பா, வெளிநாட்டுச் சரக்கு என்று காதோடு சொல்லி விற்கிற டப்பா, இன்ஸ்டாகிராமில் ஒரு அக்கா வீட்டில் செய்கிறேன் என்று விற்பது, ஒரு வாரத்தில் வெளுப்பு என்று உறுதி கொடுப்பது, இதில் எது உங்கள் வீட்டுக் கண்ணாடி அலமாரியில் இருந்தாலும் தூக்கிப் போடுங்கள். சாக்கடையில் ஊற்ற வேண்டாம்.

டவுனில் இப்போது இன்னும் ஒரு படி மேலே போய்விட்டார்கள் என்று கேள்விப்படுகிறேன். குளூட்டாதயோன் என்று ஊசியாக, டிரிப்பாக ஏற்றுகிறார்களாம். பியூட்டி பார்லரில் எல்லாம் செய்கிறார்களாம். பிலிப்பைன்ஸ் நாட்டு மருந்துத் துறை 2011-லேயே நிறத்துக்காக இதை ஊசியாக ஏற்ற வேண்டாம் என்று எச்சரித்தது. சிறுநீரகம், தைராய்டு வரைக்கும் கெடுதல் உண்டு என்று சொன்னது. எங்கள் ஊரில் மாட்டுக்கு ஊசி போட வருகிறவரிடம்கூட எதுக்குப் போடுகிறீர்கள் என்று கேட்காமல் விடமாட்டோம்.

உடனே உங்களில் பாதிப் பேர், "அதனாலதான் நாங்க நேச்சுரலா போடுறோம், ஊர்ல இருந்து நலங்கு மாவு அரைச்சு அனுப்புங்க" என்று எழுதுவீர்கள். அனுப்புகிறேன். பச்சைப்பயறு, கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, ஆவாரம்பூ, வெட்டிவேர், எல்லாம் நல்லதுதான். அழுக்குப் போகும், வாசம் இருக்கும். வெளுப்பு வராது. அதில் கார்போகரிசி சேர்த்து அரைப்பார்கள், அதை மட்டும் கவனியுங்கள். சித்த வைத்தியத்தில் வெண்புள்ளிக்குக் கொடுக்கிற சரக்கு அது. அதில் சோரலன் என்று ஒரு சத்து இருக்கிறது. தோலில் பூசி வெயில் பட்டால் அந்த இடத்தைக் கறுக்க வைக்கும், அளவு மிஞ்சினால் பொசுக்கும். வெளுப்பாகணும் என்று கெட்டியாகப் பூசிக்கொண்டு மொட்டை மாடியில் துணி காயப்போடப் போனால் நேர் எதிர்தான் நடக்கும். எலுமிச்சம்பழச் சாற்றிலும் இந்தச் சங்கதி உண்டு. எலுமிச்சையை முகத்தில் தேய்த்துக்கொண்டு வெயிலில் போய்ப் படைபடையாகக் கறுத்துக் கொப்பளித்த பொண்ணுகளை நானே பார்த்திருக்கிறேன். இயற்கை என்றால் சாது என்று அர்த்தம் இல்லை. எருக்கம்பாலும் இயற்கைதான், கண்ணில் விட்டுக்கொள்வோமா?

வெண்புள்ளி என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். அதற்கு ஆஸ்பத்திரியில் பெட்டிக்குள் நிற்க வைத்து ஒளி வைத்தியம் கொடுக்கிறார்கள். பார்வைக்கு லிவர்பூல் பெட்டி மாதிரியேதான் இருக்கும். ஆனால் அங்கே கதிரிலேயே ஒரு குறிப்பிட்ட பாகத்தை மட்டும் பிரித்து, வினாடிக் கணக்கில் அளந்து, ஒவ்வொரு தடவையும் தோலைப் பார்த்துக் கூட்டிக் குறைத்துக் கொடுக்கிறார்கள். அதை வைத்தியம் என்று நம்பிப் போகலாம். பயந்துகொண்டு நிறுத்திவிடாதீர்கள்.

சரி, இவ்வளவு இருந்தும் ஏன் போகிறோம்? கடையைக் குறை சொல்லலாம், விளம்பரத்தைக் குறை சொல்லலாம். ஃபேர் அண்ட் லவ்லி 1975-ல் வந்தது, எனக்கு அப்போது விவரம் தெரியாத வயசு. நான் பார்த்து வளர்ந்த விளம்பரம் எல்லாம் ஒரே கதை. கறுப்பாக இருக்கிற பொண்ணுக்கு வேலை கிடைக்காது, மாப்பிள்ளை கிடைக்காது, பூசினதும் ரெண்டும் கிடைக்கும். 2020 ஜூலையில் அதன் பேரைக் குளோ அண்ட் லவ்லி என்று மாற்றினார்கள். அதற்கு ஒரு மாசம் முன்னாடி ஷாதி டாட் காம் என்கிற கல்யாண வெப்சைட்டில் நிறத்தை வைத்துத் தேடுகிற வசதியை எடுத்தார்கள். சென்னையில் கவிதா இம்மானுவேல் என்கிற அம்மா 2009-லேயே 'கறுப்பே அழகு' என்கிற அர்த்தத்தில் இயக்கம் ஆரம்பித்தவர். சாய் பல்லவி ரெண்டு கோடி ரூபாய் என்று சொல்லப்பட்ட ஒரு க்ரீம் விளம்பரத்தை வேண்டாம் என்று சொன்னது 2019-ல் பேப்பரில் வந்தது. நான் அருப்புக்கோட்டையில் டியூபு வாங்கிய அதே வருஷம். பேப்பரில் படித்துவிட்டு, நல்ல பொண்ணு என்று பாராட்டிவிட்டுத்தான் போய் வாங்கினேன். அதனால் விளம்பரத்தின் மேல் முழுப் பழியையும் போட எனக்கு வாய் வரவில்லை.

என் அபிப்பிராயம் என்னவென்றால், இது பேச்சில் இருந்து ஆரம்பிக்கிறது. ஊருக்கு வருகிற சொந்தக்காரர் காரை விட்டு இறங்கினதும் கேட்கிற முதல் கேள்வி, "என்னத்தா இப்படிக் கறுத்துப்போயிட்ட?" சாப்பிட்டியா, மழை உண்டா, ஆடு எத்தனை குட்டி போட்டது, ஒன்றும் கிடையாது. நீங்கள் பாசமாகத்தான் கேட்கிறீர்கள். அக்கறையாகக்கூட நினைத்துக் கேட்கிறீர்கள். பதினாலு வயசுப் பொண்ணு காதில் அது எப்படி விழுகிறது என்று யோசித்திருக்கிறீர்களா? பள்ளிக்கூடம் விட்டு வந்து ஒரு மணி நேரம் உளுந்தஞ்செடி பிடுங்கினதால் தனக்கு ஒரு குறை வந்துவிட்டது என்று அது எடுத்துக்கொள்கிறது. நீங்கள் சென்னைக்கோ கோயமுத்தூருக்கோ திரும்பிப் போய்விடுவீர்கள். அது முழுக்கைச் சட்டையைத் தேடி எடுக்கும். அப்புறம் டியூபைத் தேடும். டவுனில் உங்கள் ஃப்ளாட்டில் யார் என்ன போடுகிறார்கள் என்பது எங்கள் ஊருக்கு வர ரெண்டு காதுகுத்து போதும்.

வெயில் ஒன்றும் செய்யாது என்று நான் சொல்லவில்லை. எங்களை அது அடிக்கிற அடி வேற மாதிரி. சித்திரையில் மயங்கி விழுகிறவர்கள் உண்டு. கண்ணில் சதை வளர்ந்து கருவிழியை மூடப் போகிறவர்கள் ஊருக்கு நாலு பேர் உண்டு, அதற்கும் வெயிலின் கதிர் ஒரு காரணம். தோல் எவ்வளவு கறுப்பாக இருந்தாலும் அது கண்ணைக் காக்காது. ஊருக்கு வரும்போது டியூபு வாங்கி வராமல் அகலமான விளிம்பு வைத்த தொப்பியும் வெயில் கண்ணாடியும் வாங்கி வாருங்கள். நூறு இருநூறு ரூபாய்க்குக் கிடைக்கும். முதலில் சிரிப்பார்கள், அப்புறம் போட்டுக்கொள்வார்கள். எனக்கு என் மருமகன் வாங்கிக் கொடுத்தது, ரெண்டு வருஷமாக அதோடுதான் உழுகிறேன்.

ஏற்கெனவே இந்த டியூபு போட்டுக்கொண்டிருக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இதைப் படித்துவிட்டு இன்றைக்கே குப்பையில் போட்டுவிடாதீர்கள். பாதரச டப்பாவாக இருந்தால் உடனே நிறுத்திவிட்டுச் சிறுநீர்ப் பரிசோதனைக்குப் போங்கள். ஸ்டீராய்டாக இருந்து பல மாசம் போட்டிருந்தால், டாக்டரிடம் கேட்டுப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். எது என்று தெரியவில்லை என்றால் டியூபின் பின்னால் பாருங்கள். சிவப்புக் கோடு இருந்தாலோ, மோமெட்டசோன், பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், ஃபுளூசினோலோன் என்று சோன், சால், லோன் முடிகிற பேர் இருந்தாலோ, அது மருந்து. எழுத்துப் பொடிசாக இருக்கும். போனில் படம் எடுத்துப் பெரிசு பண்ணிப் பார்க்கலாம், என் பேத்தி சொல்லிக் கொடுத்த வித்தை.

பேத்திக்கு இப்போது நாலு வயசு. அவள் அம்மா நிறம், அப்படியே என் அம்மா நிறம். பிறந்த அன்றைக்கு ஆஸ்பத்திரியில் பார்க்க வந்த ஒருவர் காதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "காது நெறத்தப் பாத்தா வெளுப்பாத்தான் வரும்" என்று ஆறுதல் சொன்னார். யாரும் ஆறுதல் கேட்கவில்லை.

நேற்று என் கொழுந்தியாள் மகள் அருப்புக்கோட்டையில் இருந்து போன் பண்ணினாள். ஆவணியில் கல்யாணம் வைத்திருக்கிறது. "பெரியப்பா, அக்காவுக்குப் பாத்தீகள்ல, மதுரையில, அந்த டாக்டரம்மா என்னைக்கு என்னைக்கு இருப்பாக?" என்று மெதுவாகக் கேட்டாள். எத்தனை மாசமாப் போடுற என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "தையில இருந்து" என்றாள். வியாழக்கிழமை முதல் பஸ்ஸுக்கு ரெண்டு பேரும் போகிறோம். டியூபையும் அட்டையோடு எடுத்து வரச் சொல்லியிருக்கிறேன்.